ரெண்டே துண்டு

ஜெராக்ஸ் கடை சூசை இதுவரை பதினேழு ரிமோட் விமானம் செய்திருந்தான். பதினேழையும் உடைத்திருந்தான். வற்றிய குளத்தில் ஞாயிறுதோறும் விமானம் விடும் சங்கத்தில், அவன் ரிமோட்டை எடுத்தாலே ஆட்கள் காருக்குள் ஏறிவிடுவார்கள். "ஓடுங்க!" என்று முதலில் கத்துவதே சூசைதான்.

அன்று சங்கத் தலைவர், ஜவுளிக்கடை தெய்வநாயகம், புது வெளிநாட்டு விமானத்தோடு வந்தார். ரிமோட் குச்சியை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே சொன்னார்: "ஏல சூச, இன்னைக்கு உன் பதினெட்டாவது விமானமாவது உடையாம இறங்கணும். இல்லேன்னா சங்கத்தை விட்டுப் போயிரு."

சூசையின் கண் அவர் விமானத்தின் இறக்கையில் இருந்தது. குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் மடல் எழும்ப வேண்டும். இதில் இடது மடல் எழும்பியது. வயரை மாற்றிச் சொருகியிருக்கிறார். சூசையின் நாலாவது விமானம் அப்படித்தான் செத்தது.

"அண்ணாச்சி, வயரை ஒருக்கா பாத்துக்கிடுங்க."

"பதினேழை உடைச்சவன் எனக்குச் சொல்லுதியா?"

"சரி, முதல்ல நீங்க விட்டுக் காட்டுங்க. உங்களைவிட மோசமா இறக்கினா நானே போயிருதேன்."

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க!" என்றார் தலைவர்.

விமானம் கிளம்பியது. வலப்பக்கம் திருப்பினார், இடப்பக்கம் சாய்ந்தது. இன்னும் அழுத்தித் திருப்பினார். குப்புற விழுந்து அஞ்சு துண்டானது.

அடுத்து சூசை. வயரையெல்லாம் சரிபார்த்து, ஜோராக மேலே ஏற்றி, கூட்டத்தைப் பார்த்துப் பெருமையாகக் கையசைத்தான். அந்த நேரம் பார்த்து விமானம் கருவேல மரத்தில் போய் மோதியது.

"பதினெட்டு!" என்று காருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

சூசை உடைந்ததைப் பொறுக்கிக்கொண்டு வந்து தலைவர் முன்னால் வைத்தான்.

"எண்ணிக்கிடுங்க அண்ணாச்சி. ரெண்டே துண்டு."