பச்சோந்தி கண்ணைப் பிரித்த ஆட்டம்

அந்தக் காலத்தில் விலங்குகளுக்குப் பேச்சு இருந்தது. பேச்சு இருந்ததால் வம்பும் இருந்தது. அதிலும் பந்தாட்டம் என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மேட்டுக்காட்டார் ஒரு கட்சி, ஆற்றங்கரையார் ஒரு கட்சி. பந்து என்பது நன்றாக முற்றிய விளாங்காய். எதிரியின் பக்கத்தில் இருக்கும் இரண்டு கரையான் புற்றுகளுக்கு நடுவே அதை உதைத்துத் தள்ளிவிட்டால் வெற்றி.

விளையாட்டுத்தானே என்று நினைத்துவிடாதீர்கள். கோடையில் ஆறு வற்றி ஒரே ஒரு மடுவில்தான் தண்ணீர் மிஞ்சும். ஜெயித்த கட்சி காலையில் தெளிந்த தண்ணீர் குடிக்கும். தோற்ற கட்சி, எருமையும் பன்றியும் புரண்டு எழுந்த பிறகு, சாயங்காலம் கலங்கலைக் குடிக்கும். சமமாக முடிந்தால் போன வருடம் ஜெயித்தவர்களுக்கே காலை முறை. போன வருடம் ஜெயித்தது ஆற்றங்கரை. மேட்டுக்காட்டு வரையாடு அந்தக் கலங்கலைக் குடிக்க வைத்தே தன் குட்டிகளைப் பறிகொடுத்தது. இந்த வருடம் அதற்கு மறுபடி இரண்டு குட்டிகள்.

நடுவராக இருந்தவள் பச்சோந்தி. அவள் மேட்டுக்காட்டுக்காரி, வரையாட்டுக்கு உயிர்த்தோழி. இருந்தாலும் ஆற்றங்கரையார் ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை. அவள் பார்வை அப்படி. ஈ உட்காரும் இடத்துக்கு ஈக்கு முன்னால் அவள் நாக்கு போய்விடும். தன் கண்மேல் அவளுக்கும் அசைக்க முடியாத நம்பிக்கை. அப்போதெல்லாம் அவளுக்கும் மற்றவர்களைப் போல இரண்டு கண்ணும் சேர்ந்துதான் திரும்பும்.

ஆட்டத்தில் தகராறெல்லாம் ஒரே ஒரு விதியால்தான் வரும். காய் உதைபடும் நொடியில், எதிர்க்கட்சியின் கடைசிக் காவலைத் தாண்டி யாரும் போய் நின்றிருக்கக் கூடாது. நின்றால் அது முந்தல். காய் புற்றுக்குள் போனாலும் செல்லாது. ஆற்றங்கரையின் கடைசிக் காவல் ஆமை. வைத்த இடத்தை விட்டு நகராது என்பதாலேயே அதற்கு அந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள்.

அன்றைக்குப் பொழுது சாயும்வரை இரண்டு பக்கமும் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் வரையாடு காயை ஓங்கி ஓர் உதை உதைத்தது. துள்ளன் என்ற முயல் பறந்து போய் அதை வாங்கிப் புற்றுகளுக்கு நடுவே தள்ளிவிட்டது. பச்சோந்தி கொஞ்சம்கூடத் தயங்காமல், முந்தல் இல்லை, மேட்டுக்காட்டுக்கு வெற்றி என்று சொல்லிவிட்டாள். வரையாடு தன் குட்டிகளை நக்கி நக்கிக் கொஞ்சியது.

ஆற்றங்கரையின் நரி சும்மா விடுமா? ஈர மண்ணில் தடம் பதிந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று எல்லாரையும் இழுத்துக்கொண்டு போனது. ஆமையின் ஓட்டு நுனியிலிருந்து வாலை இழுத்து ஒரு கோடும் போட்டது. முயலின் கால் தடம் கோட்டுக்கு அந்தப் பக்கம் என்றது ஒரு கூட்டம். கோட்டுக்குள்ளேதான் என்றது இன்னொரு கூட்டம். சண்டை நக அளவு மண்ணுக்கு. நரி போட்ட கோடோ அதன் வால் அகலம். இதில் காது தாண்டினால் அது கணக்கா இல்லையா என்று காக்கைகள் வேறு கிளப்பிவிட்டன. பார்க்க வந்தவர்கள் ஆடியவர்களைவிட அதிகமாக வியர்த்தார்கள்.

பச்சோந்தி மட்டும் அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முயல் எங்கே காலை வைத்தது என்று மண் சொல்கிறது. எப்போது வைத்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? உதைக்கு முன்னா, பின்னா? யோசிக்க யோசிக்க அவளுக்குச் சுருக்கென்றது. அந்த நொடியை அவளும் பார்க்கவில்லை.

கிளையில் ஏறி நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "மொதல்ல ஆமையைப் பார்த்தேன். துள்ளன் அதுக்கு இந்தப் பக்கம்தான் இருந்தான். அப்புறம் தலையைத் திருப்பி உதைக்கிற காலைப் பார்த்தேன். தலை திரும்பின நேரத்துல அவன் எங்க இருந்தான்னு எனக்குத் தெரியாது. அந்தத் தீர்ப்பு செல்லாது. பொழுது இன்னும் விழல, அதே எடத்துல இருந்து திரும்ப ஆடுங்க."

மேட்டுக்காடு கொதித்துப்போனது. கையில் வந்ததைச் சொந்தக்காரியே தட்டிவிட்டாள் என்றார்கள். வரையாடு கத்தவில்லை. கிளைக்கடியில் வந்து நின்று, "என் குட்டிங்க மூஞ்சியைப் பாரு தங்கச்சி. அப்புறம் சொல்லு" என்றது.

பச்சோந்தி பார்த்தாள். பார்த்தும் தீர்ப்பை மாற்றிக்கொள்ளவில்லை.

எல்லாரும் பழைய இடத்தில் போய் நின்றார்கள். தலையைத் திருப்பினால் நொடி தப்பிவிடுகிறது. திருப்பாமலே இரண்டு இடத்தையும் பார்த்தாக வேண்டும். வலது கண்ணை வரையாட்டின் காலில் வைத்தாள். இடது கண்ணை இழுத்தாள். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இழுத்தாள். உள்ளே நார் கிழிகிற மாதிரி வலித்தது. வலியோடு வலியாக இடது கண் தனியே திரும்பி ஆமையின் மேல் போய் நின்றது.

வரையாடு உதைத்தது. துள்ளன் பாய்ந்தது. காய் மறுபடியும் புற்றுகளுக்கு நடுவே போனது. மேட்டுக்காடு ஆட்டம் போடத் தொடங்குவதற்குள் பச்சோந்தியின் குரல் கேட்டது.

"முந்தல். குளம்பு காயில பட்டப்போ துள்ளனோட முன்னங்கால் ரெண்டும் ஆமையைத் தாண்டி இருந்துச்சு. ரெண்டையும் ஒண்ணாப் பார்த்தேன்."

அந்தக் குரலில் ஓர் இழைகூட நடுக்கம் இல்லை. எல்லாரும் துள்ளனைப் பார்த்தார்கள். துள்ளன் காதைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "ஆமாக்கா, கால் நிக்கல" என்றது.

பொழுது விழுந்தது. காலை முறை ஆற்றங்கரைக்கே போனது. மறுநாள் வரையாடு குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் சுனை தேடிப் போய்விட்டது. சுனை கிடைத்தது, குட்டிகளும் பிழைத்தன. ஆனால் அது பச்சோந்தியோடு அப்புறம் பேசவே இல்லை. பச்சோந்திக்கு அது கண்வலியைவிடப் பெரிய வலி. அதற்காக ஒரு நாளும் அந்தத் தீர்ப்பை நினைத்து அவள் வருந்தியதில்லை. அடுத்த கோடையில் நடுவராக இருக்கச் சொல்லி இரண்டு கட்சியும் அவள் கிளைக்கடியில்தான் வந்து நின்றன.

பிரிந்த கண்கள் மட்டும் மறுபடி பழையபடி சேரவில்லை. அன்று முதல்தான் பச்சோந்தியின் கண்கள் ஆளுக்கொரு பக்கம் பார்க்கின்றன. இரண்டு பக்கமும் ஒன்றாகத் தெரிவதால்தான் ஓர் அடி வைப்பதற்குள் அது முன்னும் பின்னும் ஆடி யோசிக்கிறது. கட்சி மாறி என்ற பேரும் அதற்கு அன்று வந்ததுதான். அந்தப் பேரை வைத்தவர்கள் தோற்றவர்கள் என்பதை மட்டும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.