கூழாங்கல் பாதையும் மூன்று கால் மானும்

ஒரு காட்டில் செவலை என்ற மானும் மொச்சை என்ற முயலும் தோழிகளாக இருந்தன. செவலைக்கு மூன்று கால்தான். ஒரு காலை வேடனின் கண்ணி கொண்டுபோய்விட்டது. மொச்சைக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது.

காட்டில் இருந்தது ஒரே ஒரு குளம். அதன் கரையோ செங்குத்து. மற்ற மிருகங்கள் தடதடவென்று இறங்கி வயிறு முட்டக் குடிக்கும். இவை இரண்டும் மேலேயே நின்று ஈர மண்ணை நக்கிக்கொண்டிருக்கும்.

இது சிங்கராஜா காதுக்கு எட்டியது. "குளம் எல்லாருக்கும் பொது! இறங்க முடியாதவர்களுக்குச் சரிவுப் பாதை போடுங்கள்!" என்று உத்தரவிட்டார்.

நரி மந்திரி காட்டுப்பன்றிகளை வைத்துப் பாதை போட்டது. வழவழவென்று கூழாங்கல் பதித்த பாதை. பார்க்க அத்தனை அழகு! முதல் நாளே செவலை வழுக்கி விழுந்து தாடையைப் பெயர்த்துக்கொண்டது. மொச்சை பாதையின் ஓரம் தெரியாமல் முள்ளுக்குள் போய் விழுந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் குறைகேட்புக் கூட்டம். எங்கே தெரியுமா? யானைப்பாறையின் உச்சியில்!

"பாதை பிரமாதம், மகாராஜா! நானே பத்து முறை ஏறி இறங்கிப் பார்த்தேன்," என்றது நரி. "குறை சொல்ல ஒருத்தர்கூட வரவில்லை பாருங்கள். ஒப்புதல் முத்திரையாக உங்கள் பாதத்தைப் பதித்துவிட்டால் வேலை முடிந்தது. பன்றிகளை வேறு வேலைக்கு அனுப்பிவிடலாம்."

பாறைக்குக் கீழே நின்ற செவலைக்கு இது கேட்டது.

"அடியே மொச்சை! ராஜா பாதத்தைப் பதித்தால் இனிமேல் அந்தப் பாதையை யாரும் தொட மாட்டார்கள். இந்தக் கோடையை நாம் தாண்ட மாட்டோம்டி!"

"அதையும் பார்த்துவிடுவோம்!" என்றது மொச்சை. பின்னங்கால்களால் தரையை ஓங்கி உதைத்தது. தொம்! தொம்! தொம்!

சிங்கம் தூக்கிய பாதத்தை நிறுத்தியது. "யாரது? என்ன குறை? மேலே வந்து சொல்!"

"மேலே வர முடியாததுதானே மகாராஜா எங்கள் குறையே!" என்று கத்தியது செவலை.

சிங்கம் ஒரே தாவலில் கீழே வந்தது.

"உங்களுக்காகத்தானே பாதை போட்டோம்? மந்திரி நன்றாக இருக்கிறது என்கிறாரே?"

"மந்திரி ஐயாவுக்கு நாலு கால், ரெண்டு கண்," என்றது செவலை. "அவருக்குப் பழைய கரையே நன்றாகத்தான் இருந்தது!"

சிங்கம் குபீரென்று சிரித்துவிட்டது. "சரி, நீங்களே சொல்லுங்கள். என்ன செய்யலாம்?"

"கல்லைப் பிடுங்கிவிட்டு மண்ணைக் கெட்டியாக மிதித்து அருகம்புல் நடுங்கள்," என்றது செவலை.

"ரெண்டு ஓரமும் துளசி நடுங்கள்," என்றது மொச்சை. "வாசனை பிடித்துக்கொண்டே நான் பாட்டுக்குப் போய்விடுவேன்!"

"அப்படியே ஆகட்டும்! இனிமேல் கூட்டம் பாறைக்குக் கீழேதான். இவர்கள் பாதம் பதித்த பிறகுதான் நான் பதிப்பேன்!"

பத்தே நாளில் பாதை தயார். செவலை நிமிர்ந்து நடந்து போய், நடுக்குளத்தில் நின்று மூச்சுமுட்டக் குடித்தது. மொச்சை துளசி வாசத்தில் துள்ளிக்கொண்டே இறங்கிக் காது நனையக் குடித்தது. கரையில் நின்ற மிருகங்கள் எல்லாம் ஆரவாரம் செய்தன!

அடுத்த மாதம் நரியின் காலில் கருவேல முள் ஏறியது. நொண்டிக்கொண்டே அதே பாதையில் மெல்ல இறங்கி வந்தது.

"பாதை எப்படி இருக்கிறது, மந்திரி ஐயா?" என்று கேட்டது செவலை.

"ரொம்ப நன்றாக இருக்கிறது, தாயே!"

"இப்போது நீங்கள் சொன்னால் நம்பலாம்!" என்றது செவலை.

ஒருவருக்காகச் செய்த காரியம் சரியா என்று அறிய, அவர் இருக்கும் இடத்துக்கே போய் அவரையே கேட்க வேண்டும்.