மெஷினுக்கு வைத்த பொட்டு

"நான் என்ன தப்பு செஞ்சேன், மேடம்?"

வேதரத்தினம் இதைக் கேட்டபோது பூரணி இன்னும் காரைவிட்டு முழுதாக இறங்கியிருக்கவில்லை.

கோவைக்கு வெளியே அரசாங்கம் கட்டிக்கொடுத்த தேசிய ஆய்வு மையம் அது. வேதரத்தினம் அதன் இயக்குநர். பூரணி அவரைவிட வயதில் இளையவர்தான். ஆனால் நாட்டில் இப்படிப்பட்ட மையங்களை நடத்துகிற பலரும் ஒரு காலத்தில் அவரிடம் பாடம் கேட்டவர்கள். குழப்பம் வந்தால் இன்றும் அவருக்குத்தான் போன் போடுவார்கள்.

"என்ன ஆச்சு, சார்?"

"அடுத்த மாசம் டெல்லியில இருந்து ஆள் வராங்க. மையத்துக்கு இனிமே நிதி கிடையாதாம். இங்க இருக்கற எக்ஸ்ரே மெஷினைக் கழட்டி வேற ஊருக்குக் கொண்டுபோகப் போறாங்களாம். தொழில்துறைக்கு இதனால ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு எழுதிட்டாங்க."

"மெஷின் கெட்டுப்போச்சா?"

"கெட்டுப்போறதாவது! வந்து பாருங்க. ஒரு கீறல் இருந்தா இப்பவே ராஜினாமா பண்றேன்."

பெற்ற பிள்ளையைப் போல அவர் பார்த்துக்கொண்ட மையம்.

காவலாளி அறைக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள் சாக்குப்பையோடு உட்கார்ந்திருந்தார். பூரணி நின்றார்.

"யாரம்மா நீங்க?"

"பேரு ரங்கநாயகிங்க. பவுண்டரி வச்சிருக்கறனுங்க. பம்புக்குள்ள சுத்தற சக்கரம் வார்க்கறோமுங்க. கொஞ்ச நாளா வார்க்கறதெல்லாம் விரிசல் உட்டுப் போகுதுங்க. வெளிய பார்த்தா ஒண்ணுந் தெரியறதில்லைங்க. இங்க இருக்கற எக்ஸ்ரே மெஷின்ல வச்சா, வெட்டாமயே உள்ள என்ன இருக்குதுன்னு பார்த்துரலாம்னாங்க."

"பார்த்தீங்களா?"

"வந்து வந்து போறனுங்க. கமிட்டி கூடோணுமாமா. தீபாவளிக்குள்ள காரணம் தெரியலைன்னா ஆர்டரு போயிருமுங்க. அப்புறம் பவுண்டரிய மூடறதுதான்."

வேதரத்தினத்துக்குச் சங்கடமாகிவிட்டது.

"விதின்னு ஒண்ணு இருக்கே, மேடம்? பவுண்டரிச் சாமான்னா கரியும் மண்ணுமா இருக்கும். மெஷின்ல கீறல் விழுந்தா ஆடிட்ல யார் பதில் சொல்றது?"

பூரணி ரங்கநாயகியிடம் திரும்பினார்.

"நாளைக்குக் காலையில வாங்கம்மா."

"நாளைக்கும் லீவுதானுங்களே?"

"பரவாயில்லை, வாங்க."

அன்று ஆயுத பூஜை. விடுமுறைதான், ஆனாலும் பூஜைக்காக ஊழியர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் மெஷின் அறைக்குள் போக வேண்டும். மெஷினுக்கு ஏ.சி. ஓடியது. ஊழியர்களுக்கு மின்விசிறி. மெஷின்மேல் நீல வெல்வெட் போர்த்தியிருந்தது. திறப்பு விழாவில் மந்திரி வெட்டிய ரிப்பன்கூடக் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. சில ஊர்களில் சாமிக்கே இந்த யோகம் இல்லை.

"இதை ஓட்டத் தெரியுமா, சார்?" என்று கேட்டார் பூரணி.

"ஜெர்மனிக்குப் போய்க் கத்துக்கிட்டு வந்தவன் மேடம் நான்."

"மறந்திருக்காதே?"

வேதரத்தினம் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு சரியாக வரவில்லை.

மெஷினுக்குச் சந்தனம் தடவிக் குங்குமப் பொட்டு வைத்தார்கள். மாலை போட்டார்கள். கற்பூரம் காட்டி, பொரியும் கடலையும் பங்கிட்டார்கள். கூட்டம் கலைந்ததும் வேதரத்தினம் பக்கத்தில் வந்து நின்றார்.

"இப்பவாவது சொல்லுங்க மேடம். நான் செஞ்ச தப்பு என்ன?"

"பூஜை முடியட்டும், சார்."

"முடிஞ்சுடுச்சே!"

"இன்னும் முடியலை."

கையிலிருந்த பொரியை வாயில் போட்டுக்கொண்டு பூரணி விருந்தினர் அறைக்குப் போய்விட்டார். என்ன மனுஷி இவர் என்று வேதரத்தினத்துக்குக் கோபம்கூட வந்தது. மையமே போகப் போகிறது, இவருக்குப் பொரி கேட்கிறது.

மறுநாள் காலை அவர் வந்தபோது பூரணி மெஷின் அறையில் இருந்தார். மாலை வாடத் தொடங்கியிருந்தது. வெளியே எதிர்ப்பக்கத்துப் பட்டறையில் லேத் ஓடும் சத்தம் கேட்டது.

"இன்னிக்கு என்ன நாள், சார்?"

"விஜயதசமி."

"நேத்து உங்க வீட்டுல பூஜையில என்ன வச்சீங்க?"

"பேத்தி அவளோட பாடப் புத்தகத்தை வச்சா. நேத்து முழுக்க யாரையும் தொடவே விடலை."

"இன்னிக்கு?"

"விடிஞ்சதும் எடுத்து உக்காந்து படிச்சா. படிக்கணும்ல?"

"எதிர்ப் பட்டறைக்காரர்?"

"லேத்தை ஓட்டிட்டாரே, சத்தம் கேக்குதே மேடம். பூஜையில வச்ச ஆயுதத்தை மறுநாள் எடுத்துத் தொழில் செய்யணும். அதுதானே முறை? சின்னப் பிள்ளைகிட்ட கேக்கற மாதிரி கேக்கறீங்க."

பூரணி மெஷினைப் பார்த்தார். வெல்வெட்டைப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார்.

"இதை எந்த வருஷத்துப் பூஜையில வச்சீங்க, சார்?"

வேதரத்தினத்தின் முகம் சிவந்துவிட்டது. முகம் சிவந்துவிட்டது. இத்தனை காலம் எதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தோம் என்று நினைத்தபோது அவருக்குத் தாங்க முடியாத வெட்கமாக இருந்தது.

லேத் ஓடிக்கொண்டே இருந்தது.

அவர் மாலையைக் கழற்றினார். வெல்வெட்டை உருவி மூலையில் போட்டார். வெளியே நடந்தார்.

ரங்கநாயகி நேற்று இருந்த அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். வேதரத்தினம் குனிந்து சாக்குப்பையைத் தானே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அவருடைய வெள்ளைச் சட்டை கரியானது.

"ஐயோ, சார், குடுங்க, நாந் தூக்கறனுங்க," என்று பதறிக்கொண்டே ரங்கநாயகி பின்னால் ஓடி வந்தார்.

மெஷின் அறை வாசலில் ரங்கநாயகி செருப்பைக் கழற்றக் குனிந்தார்.

"இருக்கட்டும்மா," என்றார் வேதரத்தினம். "செருப்போடயே வாங்க."