மரங்கொத்தி ஏழு பொந்துகளில் கொடுத்த வாக்கு

மரங்கொத்திக்குக் கொத்தும் வேலையே இல்லாத அந்தக் காலத்தில், பறவையும் விலங்கும் ஒரே பேச்சுப் பேசின. மரங்கொத்தியும் மற்றவர்களைப் போலக் கிளையில் கூடு கட்டித்தான் குடியிருந்தது. அப்போது அதற்கு வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். என்ன பெயர் என்று விசாரித்துப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை.

அது இருந்த தோப்புக்கு ஒரு கடன் இருந்தது. மழை பொய்த்த வருஷம் தோப்பே பெருச்சாளியிடம் தானியம் வாங்கிச் சாப்பிட்டது. ஈடாக வைத்தது நடுவிலிருந்த பெரிய நாவல் மரத்தை. சித்திரை பிறப்பதற்குள் தானியம் திரும்பி வராவிட்டால் வேரைக் குடைந்து மரத்தைச் சாய்த்துவிடுவேன் என்று பெருச்சாளி சொல்லியிருந்தது. ஏழைப் பறவைகளின் கூடுகளெல்லாம் அந்த மரத்தில்தான். தவிட்டுக்குருவி ஒன்று நாலு முட்டையிட்டு அங்கே அடைகாத்துக்கொண்டிருந்தது.

தோப்பில் தானியம் இல்லாமல் இல்லை. ஏழு மரப்பொந்துகள் இருந்தன, ஏழிலும் வசதியானவர்கள். அணிலின் பொந்தில் இருந்தது மட்டுமே மூன்று வருஷத்துக்குக் காணும்.

இந்த நேரத்தில்தான் தலைவர் தேர்தல் வந்தது. மரங்கொத்தி நின்றது. ஏழு பொந்திலும் பாதியை வரியாக எடுத்துக் கடனை அடைப்பேன் என்று நாவல் மரத்தடியில் பேசியது. நல்ல எண்ணத்தில்தான் பேசியது, அதை நான் மறுக்கமாட்டேன். குருவிகளெல்லாம் சிறகடித்து ஆரவாரம் செய்தன.

ஆனால் பிரச்சார வேலையைப் பார்த்துக்கொண்டது ஒரு கிளி. கிளையில் இருப்பவர்கள் ஓட்டு எங்கேயும் போகாது, பொந்துக்காரர்கள் எதிராகக் கிளம்பினால்தான் ஆபத்து என்று அது கணக்குப் போட்டது.

"ஒவ்வொரு பொந்தா தனியாப் போய்த் தட்டுங்க. மத்த ஆறு பேர்கிட்டதான் எடுப்பேன், உங்களைத் தொடமாட்டேன்னு சொல்லுங்க. வெளியே சொல்லவேண்டாம்னு அவங்களையும் கேட்டுக்குங்க," என்றது கிளி.

மரங்கொத்தி ஏழு பொந்திலும் மெல்லத் தட்டியது. ஏழிலும் அதையே சொன்னது. ஒரு ஓட்டுக்கூடக் குறையாமல் ஜெயித்தது. இப்படியொரு வெற்றி எப்படி வந்தது என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

பங்குனி முடியப்போகும்போது வரி வாங்கக் கிளம்பியது. அணில் தலையை மட்டும் நீட்டி, "என்னைத் தொடமாட்டேன்னு வாக்குக் குடுத்தீங்களே தலைவரே," என்று பணிவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது. மற்ற ஆறு பொந்திலும் அதே பதில். கிளியிடம் யோசனை கேட்கலாமென்று போனால், அது பக்கத்துத் தோப்புத் தேர்தலுக்குப் போய்விட்டிருந்தது.

பெருச்சாளி சொன்ன சொல் மாறாதது. சித்திரை முதல் நாள் நாவல் மரம் சாய்ந்தது. நாலு முட்டையும் உடைந்தன.

தவிட்டுக்குருவி அழவில்லை. மரங்கொத்தி உட்கார்ந்திருந்த வேப்பமரத்துக்கு நேராக வந்தது.

"ஏழு பொந்துலயும் தட்டினீங்களாமே. அப்ப என்ன சொன்னீங்க?"

மரங்கொத்தி மெல்ல நகர்ந்து மரத்தின் பின்பக்கம் போய்விட்டது. குருவி அந்தப் பக்கம் வந்தது, அது இந்தப் பக்கம் வந்தது. குருவி போகும்வரைக்கும் சுற்றிக்கொண்டே இருந்தது.

பிறகு கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று அணிலின் பொந்துக்கு ஓடியது. பொந்து காலி. வசதியானவர்கள் ஏழு பேரும் தானியத்தோடு இடம் மாறியிருந்தார்கள், எந்த மரத்துக்குள் என்று தெரியவில்லை. கண்ணில் பட்ட மரத்தையெல்லாம் தட்டியது. தட்டித் தட்டி அலகு உளியாகிவிட்டது. உள்ளே அகப்பட்டதெல்லாம் புழுதான்.

அன்று தொடங்கியதுதான், மரங்கொத்தி மரம் மரமாகத் தட்டுவதும், தட்டியபின் யாராவது பதில் சொல்கிறார்களா என்று தலையைச் சாய்த்துக் கேட்பதும், நாம் கிட்டே போனால் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவோமோ என்று மரத்தின் பின்பக்கம் போய் ஒளிந்துகொள்வதும்.