ஆட்டமே ஆகாதவர்

கிட்ட வந்து உட்காருங்க. பீரங்கிக் கதைதான், பயப்படாதீங்க. குண்டுக்குள்ளே மருந்து கிடையாது, வெறும் மணல்.

கடலோரத்தில் குண்டு விட்டுப் பார்க்கிற இடம். நயினார் அங்கே பெரிய அதிகாரி. வயசு ஐம்பத்தாறு, ராக்கெட்டிலேயே தலை நரைச்ச மனுஷன். சுழன்று போகிற குண்டு மட்டும் அவருக்குப் புதுசு. அதைச் சொல்லிக்கொடுக்க வந்தவள் பூங்கோதை; முப்பதுகூட ஆகலை. "வாத்தியாரம்மா" என்று கேலியாகக் கூப்பிடுவார். சொன்னதை மட்டும் கேட்கமாட்டார்.

அந்தக் குண்டு சுழன்றபடி ஏறும். மூக்கில் நாலு குட்டிச் சிறகு. அதை அசைத்து, கடலில் மிதக்கிற பீப்பாய்மேல் இறக்கணும். இருந்தது மூணே குண்டு. மூணும் தவறினால் ஆறு வருஷ வேலையை மூடிவிடச் சொல்லி உத்தரவு.

பீரங்கிக் குழலுக்குள் திருகாணிப் புரிபோல மரை வெட்டியிருக்கும்; அதுதான் குண்டைச் சுழற்றும். மரை நெருக்கமானால் சுழற்சி கூடும், குண்டு ஆடாமல் போகும்.

"நெருக்கமான குழலைப் போடுங்க. எனக்கு ஆட்டமே ஆகாது," என்றார் நயினார், முதல் நாளே.

"அப்புறம் நாம சொல்றதைக் கேட்காது சார்."

"கேட்க வைப்போம் வாத்தியாரம்மா."

முதல் ரெண்டு குண்டும் துளி ஆடாமல் போயின. உச்சி தாண்டி இறங்கும்போதும் மூக்கு வானத்தைத்தான் பார்த்தது. சிறகு என்ன அசைத்தும் திரும்பலை. வால் முன்னால் வந்து கடலில் விழுந்தன.

"இவ்வளவு உறுதியாப் போகுது. ஏம்மா திரும்ப மாட்டேங்குது?"

அவள் பட்டறையிலிருந்து சக்கரம் சுழன்று இரும்பு தேய்க்கிற கை மெஷினைக் கொண்டுவந்து, முழு வேகத்தில் ஓடவிட்டு அவர் கையில் கொடுத்தாள்.

"திருப்புங்க."

மெஷின் முரண்டு பிடித்தது, மணிக்கட்டு பிசகியது. வேகத்தைக் குறைத்தாள்.

"இப்போ?"

"திரும்புது. ஆனா கை உதறுதே!"

"உதறட்டும்."

மூணாவது குண்டைத் தளர்வான மரைக் குழலில் விட்டார்கள். திரையில் குண்டு போகிற கோடு நெளிந்தது. நயினாருக்கு வேர்த்தது. சோதனையை நிறுத்துகிற பொத்தான்மேல் அவர் விரல் போனது, நடுங்கியது.

"கையை எடுங்க சார்."

எடுத்தார். உச்சியில் குண்டு மூக்கைத் தாழ்த்தியது. சிறகு சொன்ன பக்கம் சாய்ந்தது. வயர்லெஸ்ஸில் படகுக்காரன் கத்தினான்: "பீப்பாய் தூள்!"

நயினார் அவள் பக்கம் திரும்பினார்.

"முதல் நாளே சொன்னியேம்மா. எனக்கு ஏன் காதில் ஏறலை?"

பூங்கோதை திரையை அணைத்தாள்.

"அன்னைக்கு நீங்க ஆடவே இல்லையே, சார்."