பூட்டிய கிடங்கும் ஒரு கொடியும்

அந்தக் காலத்தில், கம்ப்யூட்டருக்குள் ஓடும் புரோகிராம்களுக்கு வாய் இருந்தது. வாய் இருந்தால் சும்மா இருக்குமா? சி மொழியில் எழுதப்பட்ட செங்கோடன் என்ற புரோகிராமுக்கு அது கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. "சிக்னல் வரட்டும். வந்த இடத்துலயே எல்லா வேலையையும் முடிச்சுக் காட்டறேன்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வான்.

அவனை எழுதியவள் பூங்கோதை. அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டிய ஆய்வுக் கட்டுரையை அவள் காலையிலிருந்து தட்டிக்கொண்டிருந்தாள். அத்தனையும் செங்கோடன் கையில்தான் இருந்தது. இன்னும் டிஸ்க்கில் ஏறவில்லை.

மத்தியானம் கரண்ட் போயிற்று. யூபிஎஸ்ஸில் சார்ஜ் கொஞ்சம்தான் மிச்சம். எல்லாப் புரோகிராம்களையும் கட்டி மேய்க்கும் கெர்னல், செங்கோடனுக்கு உடனே சிக்னல் அனுப்பினார்: "சேமிச்சிட்டுக் கிளம்பு!"

சிக்னல் வந்தால் செய்கிற வேலையை அந்த நொடியே விட்டுவிட்டு ஓடிவர வேண்டும். அது அங்கே சட்டம். செங்கோடனோ அப்போது மெமரிக் கிடங்கில் இருந்தான். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் நடக்கலாம் என்பதால் கதவைப் பூட்டிக்கொண்டு இடம் பிடித்துக்கொண்டிருந்தான். பூட்டியது பூட்டியபடி ஓடிவந்தான்.

வந்தவன் கையில் இருப்பதை அப்படியே சேமித்திருக்கலாம். துரைக்கு அது போதாதாம். கட்டுரையை அழகாக அடுக்கிவைக்க இன்னும் கொஞ்சம் மெமரி வேண்டுமாம். நேராகக் கிடங்குக்குப் போனான். கதவு பூட்டியிருந்தது.

"யாருய்யா உள்ள? சீக்கிரம் வாய்யா!" என்று கத்தினான்.

"பூட்டினதே நீதானப்பா. பாதியில விட்டியே, அந்த வேலை முடிஞ்சாத்தான் கதவு திறக்கும்" என்றார் கெர்னல்.

"அப்ப அதை முடிச்சிட்டு வரேன்."

"சிக்னல் வேலை முடியாம அங்க திரும்பிப் போக முடியாது."

"கதவு திறந்தாத்தானே சிக்னல் வேலை முடியும்!"

கெர்னல் தலையில் அடித்துக்கொண்டார். செங்கோடன் கதவைத் தட்டிக்கொண்டே நின்றான். யூபிஎஸ் அணைந்தது. கட்டுரை போயே போய்விட்டது.

கரண்ட் வந்ததும், "கதவைத் திறக்க ஆளே வரலக்கா" என்று பூங்கோதையிடம் சொன்னான் செங்கோடன்.

பூங்கோதைக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "உன்னை எழுதின என் கையைச் சொல்லணும்டா! இனிமே சிக்னல் வந்தா, வந்ததுக்கு அடையாளமா ஒரு கொடியை ஏத்து. அவ்வளவுதான். மெமரி கேக்காதே, கத்தாதே. போய் விட்ட வேலையை முடி. அப்புறம் கொடியைப் பாத்து சேமி" என்று சொல்லி, அவனை அப்படியே திருத்தி எழுதினாள். கட்டுரையை அனுப்பும் நேரம் அதற்குள் முடிந்துவிட்டது.

அன்று முதல்தான், சிக்னல் வந்தால் சி புரோகிராம்கள் கொடியை மட்டும் ஏற்றிவிட்டு, வாயைத் திறக்காமல் விட்ட வேலைக்குத் திரும்புகின்றன. சொன்ன பேச்சைக் கேட்காதவை மட்டும், தாங்களே பூட்டிய கதவை இன்றைக்கும் தட்டிக்கொண்டு நிற்கின்றன.