ஏழு காசுக்கு அறை இல்லை

கொம்படி ஜமீன்தார் தன் மீசை முகத்தைப் பொறித்து ஏழு காசு நாணயம் அடித்தார். வருஷம் ஒன்றாகியும் சந்தையில் யாரும் அதைச் சில்லறையாகக் கொடுக்கவில்லை. கோபத்தோடு பல்லக்கில் வந்து இறங்கியவர், முதலில் கண்ணில் பட்ட மோர்க்கடை மாடத்தி மேல் பாய்ந்தார்.

"என் முகம் பிடிக்கலையா? காரணத்தைச் சொல்லு. இல்லாட்டி கடையைத் தூக்கு!"

பால் பொங்கினாலே நடுங்குகிறவள் மாடத்தி. அவசரமாக ஒரு குவளை மோரை நீட்டினாள். "வெயில்ல வந்திருக்கீக மகராசா, முதல்ல மோர் குடிங்க. ஒரு காசுதான்."

கூட வந்த அரண்மனைக் கணக்குப்பிள்ளை பத்துக் காசு நீட்டினார். மாடத்தி சுருக்குப் பையின் அடிவரை துழாவி, மீதியாக ஒரு ஏழு காசும் ஒரு இரண்டு காசும் கொடுத்தாள். கணக்குப்பிள்ளை அரண்மனைப் பணப்பெட்டியைத் திறந்தார். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து என்று நாலே அறை. இரண்டு காசு தன் அறையில் விழுந்தது. ஏழு காசை அவர் கை தானாக மடியில் செருகியது.

"பார்த்தீகளா? உங்க பெட்டியிலேயே உங்களுக்கு இடமில்லை. எங்க கல்லாவும் இப்படித்தான். மடிக்குப் போனது சில்லறை கொடுக்கையில கைக்கு வராது. வந்தாலும், ஏழு காசை வச்சு நான் கூட்டிக் கழிக்கிறதுக்குள்ள மோர் புளிச்சிரும்."

ஜமீன்தார் அதட்டவும் கணக்குப்பிள்ளை மடியை அவிழ்த்தார். மீசை முகங்கள் மண்ணில் உருண்டன. சந்தையே சிரித்தது. வேறு வழியில்லாமல் ஜமீன்தாரும் சிரித்தார்.

"கடை உனக்கே. இந்தா வெகுமதி!" என்று ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆசையாகப் பிரித்துப் பார்த்த மாடத்தி தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். அத்தனையும் ஏழு காசு.